நாலு கண்ணால் எடுத்த படம்

அத்தியாயம் 9

“பொய் சொல்றதுக்கும் ஒரு முகராசி வேணும் தம்புசாமி அண்ணே. உங்களுக்கு அது சுத்தமா இல்ல,” என்றாள் சீதாலெட்சுமி.

தம்புசாமி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அது மூன்றாவது முறை. ஸ்டூடியோவில் ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் தார் ரோடு பளபளத்தது. உள்ளே குளிர். அப்படியும் மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது.

சீதாலெட்சுமிக்குப் பொய்யின் வாசனை நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். கண்டவன் பொய்யையெல்லாம் தமிழிலிருந்து மலாய்க்கும், மலாயிலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி வாய் கசந்துபோய், ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வந்து துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கு அது மூக்கு நுனியில் அல்ல, நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏறாமல் என்ன செய்யும்? ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. கிள்ளானில், மேரு ரோட்டில் கையுறை ஃபேக்டரிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ஒரு வோல்வோ கார் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அப்போது மணி பதினொன்று இருபது. பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் செத்துப்போனாள். யாரோ ஒரு புண்ணியவான் நம்பரைக் குறித்துவைத்தான். கார் கிள்ளான் இரும்புக்கடை முதலாளி முத்துக்கருப்பனுடையது. ஓட்டியது அவருடைய டிரைவர் அய்யாவு என்றார் முதலாளி. அய்யாவும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டான். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் கோர்ட்டில் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லப்போகிறான். சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஜெயில்தான்.

ஓட்டியது முதலாளி மகன் தியாகராஜன் என்று அய்யாவின் மனைவி இராஜம்மா அடித்துச் சொன்னாள். அதற்கு அவளிடம் சாட்சி இல்லை. தியாகராஜனுக்கோ சாட்சி இருந்தது. அந்தச் சாட்சிதான் இப்போது சீதாலெட்சுமியின் கையில் இருந்த போட்டோ.

முத்துக்கருப்பனும் அவர் மனைவி விசாலமும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள். பின்னால் கோட்டு சூட்டில் தியாகராஜன். அதற்கும் பின்னால் சுவரில் ஸ்டூடியோவின் பெண்டுலம் கடிகாரம். முள் பதினொன்று இருபதைக் காட்டியது. போலீஸ் ஃபைலில் இந்தப் படத்தின் ஒரு பிரதி இருந்தது. கீழே முதலாளியின் வாக்குமூலம்: அதே சனிக்கிழமை, அதே நேரம், குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டோம், டிரைவர் எங்களை இறக்கிவிட்டு வோல்வோவை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான்.

“நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்? எல்லாரும் வந்தாங்க, எடுத்தேன், போனாங்க. அவ்ளோதான்,” என்றார் தம்புசாமி.

“டிரைவர்?”

“டிரைவரையெல்லாம் யாரும்மா பாத்தா?”

அதுவரை கேமராக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கிரிசாமி திரும்பினார். சீதாலெட்சுமியின் அசிஸ்டென்ட். ஐம்பது வயது, முன்னாள் டாக்சி டிரைவர். “அது சரி பாஸ். இருபது வருஷம் டாக்சி ஓட்டினேன். கண்ணாடியில என் மூஞ்சிய நான் மட்டும்தான் பாத்திருக்கேன்,” என்றார். பிறகு மேஜைமேல் இருந்த சாமானைக் காட்டி, “இது என்ன அண்ணே, ஒரே பலகையில நாலு கேமரா? ஒண்ணு ரிப்பேர் ஆச்சுன்னா இன்னொண்ணா?” என்றார்.

தம்புசாமிக்கு மூச்சு வந்தது. தொழில் பேச்சு என்றால் அந்த ஆளுக்குப் பயம்கூட மறந்துவிடும்போல.

“அதுதான்யா என் த்ரீ-டி. கோலாலம்பூர்ல வேற எவன்கிட்டயும் இல்ல. நாலு கேமராவும் ஒரே நேரத்துல கிளிக் ஆகும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்குது. நாலு நெகட்டிவையும் ஜப்பானுக்கு அனுப்பினா, வரி வரியா இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தாள்ல ஒண்ணாச் சேத்து அடிச்சுத் தருவான். நீ இடப்பக்கம் போனா ஆளோட ஒரு கன்னம் தெரியும். வலப்பக்கம் போனா மறுபக்கத்துக் காது தெரியும்.” அவர் கை காற்றிலேயே ஒரு முகத்தை வரைந்தது. “வெளிச்சம்தான் முக்கியம். விளக்கை நேரா அடிச்சா மூஞ்சி தோசை மாதிரி தட்டையாயிடும். பக்கத்துல இருந்து அடிக்கணும். அப்பத்தான் மூக்கு எழுந்து நிக்கும்.”

“முத்துக்கருப்பன் படமும் த்ரீ-டியா?”

தம்புசாமி கையை இறக்கிக்கொண்டார். “ஆமா. உங்க கையில இருக்கிறது அதுல ஒரு நெகட்டிவ்லேர்ந்து போட்ட சாதாப் படம். போலீஸுக்காகப் போட்டது.”

“மிச்ச நெகட்டிவ்?”

“முதலாளி நாலையும் வாங்கிட்டுப் போயிட்டாரு.”

பின்னறையில் தடால் என்று ஒரு சத்தம். “அடடா, சாரி பாஸ், சாரி,” என்று பக்கிரிசாமி யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது உள்ளே நுழைந்தார் என்றே தெரியவில்லை. சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தாள். அவர் எதிரே ஒரு ராணுவ வீரன் சாய்ந்து கிடந்தான். ஆள் உயரம், மீசை, தொப்பி எல்லாம் சரிதான். ஆனால் அட்டை. பக்கத்தில் இன்னும் ஏழெட்டு அட்டை மனிதர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

“இவங்கெல்லாம் யாரு?”

“வர முடியாத ஆளுங்கம்மா,” என்றார் தம்புசாமி, குரல் இறங்கி. “ஒருத்தனுக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்துல வேலை. ஒருத்தன் லண்டன்ல படிக்கிறான். தீபாவளிக்குக் குடும்பப் படம் எடுக்கிறப்போ பிள்ளை இல்லன்னா பெத்தவளுக்கு மனசு கேக்குமா? அதான் பழைய படத்தைப் பெரிசாக்கி, அட்டையில ஒட்டி வெட்டி, கூட நிறுத்திடுவேன். சாதாப் படத்துல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

சீதாலெட்சுமி கையிலிருந்த போட்டோவை மறுபடி பார்த்தாள். தியாகராஜன் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றான்.

“தியாகராஜன் லண்டன்ல எத்தன வருஷம் படிச்சாரு?”

“மூணு வருஷம்.”

“அப்ப அவருக்கும் ஒரு அட்டை இருந்திருக்கணுமே. எங்க அது?”

தம்புசாமி கர்ச்சீப்பைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. “கரையான் அரிச்சுடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“என்னிக்கு? ஆறு வாரத்துக்கு முன்னாலயா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, என்னை விட்டுடுங்க! இந்தக் கட்டடமே முதலாளியோடது. நாளைக்கே வெளிய போடான்னா இருபது வருஷக் கடைய நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?”

“ஓ! நீங்க கடையில இருக்கணும், அதுக்காக அய்யாவு ஜெயில்ல இருக்கணும். ரொம்ப நல்ல நியாயம்லா இது!” சீதாலெட்சுமியின் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “அந்த த்ரீ-டி படம் எங்க?”

“ஒரே காப்பிதான். போன வாரம்தான் ஜப்பான்லேர்ந்து வந்துச்சு. அவரு ஆபீஸ்ல மாட்டியிருக்காரு.”

பக்கிரிசாமி ராணுவ வீரனை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். “நெகட்டிவை ஒளிச்சுட்டு, படத்தை மட்டும் எதுக்கு அண்ணே மாட்டுறாரு?”

“பெருமைதான், வேற என்ன? வர்றவன் போறவன் எல்லாம் வாயப் பொளந்து பாக்கணும்ல.”

பக்கிரிசாமியின் பழைய டட்சன் ஃபெடரல் ஹைவேயில் கிள்ளானை நோக்கி உறுமிக்கொண்டு போனது. பின்சீட்டில் இராஜம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. நாளைக்குக் கோர்ட்டில் புருஷன் போட்டுக்கொள்ள, சலவை செய்த சட்டை.

“அன்னிக்கு இவரு படம் எடுக்கப் போறோம்னு சொல்லிட்டுத்தான் காலையில கெளம்பினாரு. பழைய மெர்சிடிஸைத்தான் எடுத்துட்டுப் போனாரு, நான் என் கண்ணால பாத்தேன். வோல்வோவை அந்தப் பையன் எவன்கிட்டயும் குடுக்க மாட்டான்,” என்றாள் இராஜம்மா. எத்தனையாவது தடவையோ.

“இதை அவர் வாயால சொன்னா போதும்லா அக்கா,” என்றார் பக்கிரிசாமி.

“சொல்ல மாட்டேங்கிறாரே! ஆறு வாரமா வாயத் தெறக்கல. நான் தூக்கி வளத்த பிள்ளைங்கிறாரு. முதலாளிக்கு வாக்குக் குடுத்துட்டேங்கிறாரு. அந்தாளு வீட்டுப் பிள்ளைய இவரு தூக்கி வளத்தாரு, சரி. இவரு உள்ள போயிட்டா என் ரெண்டு பிள்ளைய எவன் தூக்கி வளப்பான்?” அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். “செத்த பொண்ணோட அம்மா நேத்து என்னைப் பாசார்ல பாத்துட்டு மண்ணை வாரித் தூத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு வலிக்குது, தூத்துது. ஆனா அது என் மேல விழ வேண்டிய மண்ணா மேடம்?”

சீதாலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முத்துக்கருப்பன் இரும்புக்கடைக்கு முன்னால் லோரியில் சிமெண்டு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. இராஜம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கணக்கெழுதும் கிராணி அவர்களை முதலாளி அறைக்குக் கூட்டிப்போனார்.

நீளமான அறை. ஒரு கோடியில் முதலாளியின் மேஜை, அதற்கு முன்னால் மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள். மறு கோடிச் சுவரில், மேஜைக்கு நேர் எதிரே, ஒரு குட்டி விளக்கு போட்டு அந்தப் படத்தை மாட்டியிருந்தார்கள். கதவு அதே சுவரின் மூலையில். கதவை ஒட்டி ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் சிவப்புச் சாயம் தேய்ந்து வெளுத்திருந்தது. கடை ஆட்கள் நிற்கிற இடம் அது. அதற்கு மேல் உள்ளே அவர்கள் வரக்கூடாது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

“வாங்க, உக்காருங்க. நீங்க படிச்சவங்க,” என்றார் முத்துக்கருப்பன் சீதாலெட்சுமியிடம். பக்கிரிசாமியைப் பார்த்து அலமாரிப் பக்கம் விரலை நீட்டினார். இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

“பரவால்ல முதலாளி, நான் உக்காந்தா தூங்கிடுவேன்,” என்று பக்கிரிசாமி போய் நின்றுகொண்டார்.

சீதாலெட்சுமி நாற்காலியைப் படத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, தம்புசாமி கெட்டிக்காரர்தான். விசாலத்தின் மூக்குத்தி சட்டத்தைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தது. முதலாளியின் தொந்தி அறைக்குள்ளேயே வந்து நின்றது. கடிகாரம் எங்கோ ஆழத்தில் இருந்தது. அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள். விசாலம் கன்னத்தைக் காட்டினாள். மகள்கள் காதைக் காட்டினார்கள். தியாகராஜன் மட்டும் எதையும் காட்டவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே மூஞ்சி, அதே தட்டை.

“உங்க மகன் அட்டை!” என்றாள்.

“என்னது?”

“படத்துல அஞ்சு பேருல நாலு பேருக்குத்தான் மூக்கு இருக்கு. உங்க மகனுக்கு இல்ல. அவரு அன்னிக்கு ஸ்டூடியோவுக்கு வரவே இல்ல. தம்புசாமி வெட்டின அட்டைய நிறுத்தி வெச்சிருக்கீங்க. போலீஸ்ல பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

முத்துக்கருப்பன் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். பிறகு, அவள் எதிர்பார்க்காதபடி, சிரித்தார்.

“கெட்டிக்காரிம்மா நீ. சரி, அட்டைதான். என்ன இப்ப? அவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்துக் கிடந்தான். டாக்டர் சீட்டு இருக்கு. குடும்பப் படத்துல மகன் இல்லன்னா பாக்கிறவன் என்ன நெனப்பான்? ஒரு கௌரவத்துக்கு நிறுத்தினோம். அந்தப் பேச்சையே போலீஸ்லயும் சொல்லிட்டேன். நாளைக்கு வக்கீலை விட்டுத் திருத்திக்கிறேன்.” அவர் முன்னால் சாய்ந்தார். “என் மகன் ஸ்டூடியோவுல இல்லன்னு நீ நிரூபிச்சா, உன் அய்யாவு அங்க இருந்தான்னு ஆயிடுமா? அவன் எங்க இருந்தான்? யாரு பாத்தா? சொல்லு பாப்போம்.”

சீதாலெட்சுமிக்கு எரிச்சலில் கண் மங்கியது. அந்த ஆள் சொன்னது சரி. இவ்வளவு தூரம் ஓடிவந்து கண்டுபிடித்தது தியாகராஜனின் பொய்யைத்தான். அய்யாவுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

“பதில் இல்லல்ல? எந்திரி!” ஒரே நொடியில் அவர் குரல் மாறிவிட்டது. “நாற்காலி குடுத்தா திமிரு வந்துடுது. வேலைக்காரனுக்காகப் பேச வந்தவ, வேலைக்காரன் நிக்கிற இடத்துல போய் நின்னு பேசு.”

சீதாலெட்சுமி எழுந்தாள். காது இரண்டும் கொதித்தன. அங்கே இருந்த பேப்பர்வெயிட்டைத் தூக்கி அந்த மண்டையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் உண்மையாகவே தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தால் போட்டுவிடுவோம் என்று பயந்தே, விறுவிறுவென்று போய்ப் பக்கிரிசாமியின் பக்கத்தில் நின்றாள்.

“மேடம்,” என்றார் பக்கிரிசாமி மெதுவாக. “திட்டாம ஒண்ணு கேளுங்க. உசுரோட இருக்கிறவங்க படத்துக்கு எவனாச்சும் விபூதி பூசுவானா?”

“என்ன அண்ணே உளர்றீங்க?”

“சட்டத்தோட கீழ் மூலையப் பாருங்க.”

படத்தின் சட்டத்தில், அவர்கள் நின்ற பக்கத்து மூலையில், மூன்று விரலால் இழுத்த விபூதிக் கோடு. அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் கோப்பி எடுத்துவந்தாள். ஒரே ஒரு கப். தங்கமணி, ஆபீஸைக் கூட்டித் துடைத்துக் கோப்பி போடுகிறவள். அலமாரிப் பக்கம் வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“முன்ன ஒரு தடவ எட்டிப் பாத்தப்பவும் கன்னத்துல போட்டுக்கிட்டீங்க, இது ரெண்டாவது,” என்றார் பக்கிரிசாமி. “முதலாளி மேல இவ்ளோ பக்தியா அக்கா?”

“அய்யோ, சும்மா இருங்க அண்ணே,” தங்கமணி கிசுகிசுத்தாள். “பேயி. படம் வந்த நாள்லேர்ந்து பாக்கிறேன். சின்ன முதலாளி முதுகுல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அங்கெல்லாம் தெரியாது. இங்க நின்னாத்தான் தெரியும். அதான் பூசி வெச்சேன்.”

சீதாலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

இங்கிருந்து பார்த்தால் படத்தைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். நாலாவது கேமரா, பலகையின் கடைசியில் இருந்த கேமரா, பார்த்த பக்கம் இது. விசாலத்துக்குக் காது வந்திருந்தது. தியாகராஜன் ஒல்லியாகிப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தான். ஒதுங்கின அட்டையின் விளிம்புக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டைத் தோள். அட்டை விழாமல் அதை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை. தம்புசாமி பக்கத்திலிருந்து அடித்த வெளிச்சம் அதன்மேலும் விழுந்திருந்தது. குந்தி உட்கார்ந்திருந்த ஆளின் முகத்தில் பாதி, மூக்கு முழுசாக எழுந்து நிற்க, பளிச்சென்று தெரிந்தது.

அய்யாவு.

அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சுத்தமான ஆத்திரம். பிள்ளையின் அட்டை சாயாமல் நிற்க ஒரு ஆள் வேண்டும். டேய், அதைப் பிடிடா என்றிருக்கிறார்கள். பிடித்தான். அப்புறம் அதே பிள்ளை கொலை செய்துவிட்டு வந்து நின்றபோது, மறுபடியும் பிடிடா என்றிருக்கிறார்கள்.

“முதலாளி,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அய்யாவை யாரு பாத்தான்னு கேட்டீங்கல்ல? இங்க வந்து நில்லுங்க.”

“நான் எதுக்குடி அங்க வரணும்?”

“இந்த ஆபீஸ் கட்டி எத்தன வருஷம் இருக்கும்? ஒரு தடவகூட இங்க நின்னதில்லையே நீங்க? நின்னிருந்தா இந்தப் படத்தை அன்னிக்கே எரிச்சிருப்பீங்க.”

முத்துக்கருப்பன் எழுந்து வந்தார். வெளுத்த தரையில் கால் வைத்தார். படத்தைப் பார்த்தார். அடுத்த நொடி ஒரே பாய்ச்சலாகப் படத்தின்மேல் பாய்ந்தார்.

அதற்குள் படம் ஆணியில் இல்லை. கோப்பிக் கப்பைத் தரையில் வைத்துவிட்டுத் தங்கமணி அதைக் கழற்றியிருந்தாள்.

“தூசி தட்டணும் முதலாளி,” என்று சொல்லி, அதைச் சீதாலெட்சுமியின் கையில் கொடுத்தாள். 

“டேய்! கதவைச் சாத்துங்கடா! ஒருத்தனையும் வெளிய விடாத!” முதலாளி போட்ட சத்தத்தில் லோரி ஆட்கள் கதவடியில் கூடிவிட்டார்கள். எல்லோரும் அய்யாவோடு டீ குடித்தவர்கள். சீதாலெட்சுமி படத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒருவன் எட்டிப் பார்த்தான், தலையைச் சாய்த்தான், “அய்யாவு அண்ணேடா!” என்றான். கதவை யாரும் சாத்தவில்லை. வழிவிட்டார்கள்.

“திருட்டு கேஸ் போடுவேன்டி! இப்பவே போலீஸுக்குப் போன் பண்றேன்!”

“போடுங்க முதலாளி, தயவுசெஞ்சு போடுங்க,” என்றார் பக்கிரிசாமி கையைக் கூப்பி. “என்ன திருடினோம்னு கேட்டா இந்தப் படத்தைத்தானே கோர்ட்டுல காட்டணும்? எங்களுக்கு வக்கீல் செலவு மிச்சம்.”

காரில் இராஜம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படிச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று சீதாலெட்சுமி காட்டிக்கொடுத்தாள். இராஜம்மா ஒரு முறை சாய்த்தாள். இன்னொரு முறை சாய்த்தாள். அழுவாள் என்று சீதாலெட்சுமி நினைத்தாள். அவள் அழவில்லை. முகம் இறுகிக் கறுத்தது.

“ஸ்டேஷனுக்குப் போங்க அண்ணே,” என்றாள். “நான் என் புருஷனை ஒண்ணு கேக்கணும்.”

மறுநாள் கோர்ட்டுக்காக அய்யாவைச் சிறையிலிருந்து கொண்டுவந்து கிள்ளான் ஸ்டேஷன் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ரோஸ்லான் மலாய்க்காரர், நிதானமான மனுஷன். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நான்கைந்து முறை சாய்த்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியின் வாக்குமூலத்தை எடுத்துத் தேதியையும் நேரத்தையும் ஒத்துப்பார்த்தார்.

“எனக்குப் புரியுது மேடம்,” என்றார் மலாயில். “ஆனா படம் பேசாது. இந்த ஆள் நாளைக்கு நீதிபதி முன்னால நின்னு, ஓட்டினது நான்தான்னு சொன்னா இதையெல்லாம் யாரும் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. முதல்ல அவரைப் பேச வைங்க.”

அய்யாவு கம்பிக்குப் பின்னால் தலை குனிந்து நின்றான். சீதாலெட்சுமி படத்தைக் காட்டினாள். பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான். அவள் கெஞ்சினாள், அதட்டினாள், செத்துப்போன பெண்ணின் பெயரைச் சொன்னாள். பக்கிரிசாமிகூடத் தமாஷை விட்டுவிட்டு, “அய்யாவு, ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவர் சொல்றேன், கேளுப்பா,” என்றார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

இராஜம்மா முன்னால் வந்தாள். கோபத்தில் அவள் மூச்சு சீறியது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நீ ஓட்டினியா, ஓட்டலையா, அதெல்லாம் நான் கேக்கல. படத்துல எதுக்குய்யா சிரிச்சே?”

அய்யாவு நிமிர்ந்தான்.

“மூஞ்சிக்கு முன்னால அட்டை. ஒரு பயலுக்கும் உன்னைத் தெரியாது. குத்தவெச்சு உக்காந்து, அவன் பிள்ளைய முட்டுக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு இருக்க. யாருக்காகச் சிரிச்சே? சொல்லு!”

ஆறு வாரம் மூடிக் கிடந்த வாய் திறந்தது.

“தம்புசாமி அண்ணன்... எல்லாரும் சிரிங்கன்னு சொன்னாரு,” என்றான். “எல்லாரும்னா நானும்தானேன்னு நெனச்சுட்டேன்.”

“என்ன சொல்றார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பதினோரு வருஷம் செய்த வேலைதான். சீதாலெட்சுமி ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாக்குமூலப் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

இராஜம்மா கம்பிக்குள் கையை விட்டுப் புருஷன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“அவங்க சொன்ன எல்லாரும்ங்கிறதுல நீ இல்லய்யா. உன்னை அவங்க சேக்கவே இல்ல.”

அய்யாவு குட்டுப்பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே படத்தைப் பார்த்தான்.  பிறகு சீதாலெட்சுமியின் பக்கம் திரும்பினான்.

“சார்கிட்ட எழுதிக்கச் சொல்லுங்கம்மா,” என்றான். “நான் ஓட்டல.”

சீதாலெட்சுமி அதையும் மலாயில் சொன்னாள்.